ஹோமரும் ஒரு கசாப்புக்கடைக்காரரும்: மில்மன் பாரியின் ஆய்வை முன்வைத்து

க. கைலாசபதி சங்கப் பாடல்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1968இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் அவர் செய்த ஆய்வின் அச்சு வடிவம் அது. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது அந்த நூலின் பெயரைச் சொல்லாத ஆசிரியர் கிடையாது. அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். எங்களுக்குக் கிடைத்தது ஒரே வரிதான்: ‘சங்கப் பாட்டெல்லாம் வாய்மொழிப் பாட்டுன்னு கைலாசபதி சொல்றாரு.’ அதற்குப் பிறகு ‘அது சரி’ அல்லது ‘அது தப்பு’, ஆசிரியரைப் பொறுத்து. எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டால் பதில் வராது. பின்னாளில் நானே உட்கார்ந்து படித்தபோது இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டன. மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்ட். (இந்தப் பாரிக்கும் பறம்புமலைக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கர்.) கைலாசபதியை ஏற்பதோ மறுப்பதோ அப்புறம் இருக்கட்டும். அவர் கடன் வாங்கிய கருவி எங்கே, எதற்காகச் செய்யப்பட்டது என்பது தெரியாமல் ‘வாய்மொழி மரபு’, ‘மக்கள் இலக்கியம்’ என்று நாம் மேடைகளில் பேசுவதில் பாதி வெறும் சத்தம். இக்கட்டுரை அந்தக் கருவியைப் பற்றியது.

ஹோமர் என்ற பெயரில் நம்மிடம் இருப்பவை இரண்டு பெரும் பிரதிகள். ஏறத்தாழ 15,700 அடிகள் கொண்ட இலியட், 12,100 அடிகள் கொண்ட ஒடிஸி. பெயருக்குப் பின்னால் இருந்த ஆள் பற்றி நம்பத்தகுந்த ஒரு தகவலும் இல்லை. இத்தாலியச் சிந்தனையாளர் வீகோ 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, ஹோமர் என்பது கிரேக்க மக்களேதான் என்று சொல்லிவிட்டார். 1795இல் ஜெர்மானிய அறிஞர் எஃப். ஏ. வோல்ஃப், எழுத்து பரவலாக இல்லாத காலத்தில் இவ்வளவு நீளமான காவியத்தை ஒருவர் எப்படி இயற்றியிருக்க முடியும், எதற்காக இயற்றியிருக்க வேண்டும் என்று கேட்டார். அதிலிருந்து நூறாண்டுக்கு மேலாக ஒரு கோஷ்டி காவியத்தை வெட்டிக் கூறுபோட்டது: இது மூலம், இது இடைச்செருகல், இது மூன்றாவது ஆளின் கை. இன்னொரு கோஷ்டி ‘இவ்வளவு அழகான கட்டுமானம் ஒரு மேதையால் மட்டுமே முடியும்’ என்று பதில் சொன்னது. நம் ஊரில் தொல்காப்பியத்தை வைத்து நடந்த சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த இரைச்சல் பழக்கமானதுதான். இரு தரப்புக்கும் பொதுவாக இருந்த ஒரு நம்பிக்கையை யாரும் தொடவில்லை. கவிதை என்றால் மேசையில் உட்கார்ந்து எழுதுவது, முன்னோடிப் பிரதியை வெட்டி ஒட்டுவது, திருத்துவது என்பதே அது.

1902இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்த பாரி, பாரிசுக்குப் போய் 1928இல் பிரெஞ்சு மொழியில் இரண்டு ஆய்வேடுகளைக் கொடுத்தார். ஹோமர் யார் என்ற கேள்வியை அவர் ஓரமாக வைத்துவிட்டார். கேட்டது சின்னக் கேள்வி: அக்கிலிஸ் ஏன் உட்கார்ந்திருக்கும்போதும் ‘வேகக்கால் அக்கிலிஸ்’?

ஹோமரைப் படிக்கும் எவருக்கும் உறுத்தும் விஷயம் இது. கரையில் இழுத்துப் போடப்பட்ட கப்பலும் ‘விரைவான கப்பல்’தான். ஒடிஸியின் ஆறாம் பாகத்தில் நௌசிக்காவிடம் துணிகள் துவைக்கப்படாமல் கிடக்கின்றன என்று சொல்லும் அதே அடியில் அவை ‘பளபளக்கும்’ துணிகள் என்று வருகிறது. அகமெம்னனைக் கொன்ற ஏகிஸ்தஸ் முதல் பாகத்தில் ‘குற்றமற்ற’ ஏகிஸ்தஸ் ஆகிவிடுகிறான். உரையாசிரியர்கள் இதற்கெல்லாம் நயம் சொல்லித் தீர்த்தார்கள். பாரி நயம் சொல்லவில்லை, அளந்தார்.

ஹோமரின் யாப்பு ஆறு சீர் கொண்ட அடி. நம் நேர், நிரை கணக்கு இங்கே உதவாது. அசையை உச்சரிக்க ஆகும் நேரம்தான் அங்கே கணக்கு. நெடிய அசை ஒன்று, அதைத் தொடர்ந்து குறிய அசை இரண்டு அல்லது மறுபடி நெடியது ஒன்று. கடைசிச் சீரில் மட்டும் எப்போதும் இரண்டு அசை. அடிக்கு நடுவே குரல் நின்று மூச்சுவிடும் இடங்கள் சில உண்டு. அந்த இடங்களுக்கும் அடியின் முடிவுக்கும் இடையே விழும் இடைவெளிகளைத்தான் பாரி எடுத்துக்கொண்டார். மிகச் சிறிய இடைவெளியில் அக்கிலிஸ் வந்தால் ‘தெய்வீக அக்கிலிஸ்’. கொஞ்சம் பெரிய இடைவெளி என்றால் ‘வேகக்கால் அக்கிலிஸ்’. இன்னும் பெரிதாக, அடியின் பின்பாதி முழுவதையும் நிரப்ப வேண்டுமென்றால் ‘காலால் வல்ல தெய்வீக அக்கிலிஸ்’. ஒடிஸியஸுக்கும் அதே மூன்று அளவு: ‘தெய்வீக ஒடிஸியஸ்’, ‘பல சூழ்ச்சி அறிந்த ஒடிஸியஸ்’, ‘பலதும் தாங்கிய தெய்வீக ஒடிஸியஸ்’. ஒரு தையற்காரர் அளவு வாரியாகத் துணி வெட்டி அடுக்கி வைத்திருக்கிற மாதிரி. முக்கியமான தெய்வங்களுக்கும் வீரர்களுக்கும் இந்த அடுக்கு உண்டு. வேற்றுமை உருபு மாறினால் வேறு அடுக்கு. அதைவிட முக்கியம், ஒரு அளவுக்கு அநேகமாக ஒரு தொடர்தான். அதே இடத்தை நிரப்பும் இரண்டாவது தொடர் அபூர்வம். இந்த விரிவும் இந்தச் சிக்கனமும் ஒரு தனிமனிதர் தன் வாழ்நாளில் உருவாக்கக்கூடியவை அல்ல. பல தலைமுறைப் பாடகர்கள் தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய கருவிப்பெட்டி அது என்பது பாரியின் முடிவு. ஒரே யாப்புச் சூழலில் ஒரு அடிப்படைக் கருத்தைச் சொல்ல வழக்கமாக வரும் சொற்கூட்டத்திற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘வாய்பாடு’ என்கிறோம்.

இந்தக் கருவிப்பெட்டி எவ்வளவு பழையது என்பதற்கும் சான்று அதற்குள்ளேயே கிடக்கிறது. ஹோமரின் மொழி எந்தக் கிரேக்க ஊரிலும் யாரும் பேசிய மொழியல்ல. அயோனிய வழக்கும் ஏயோலிய வழக்கும் கலந்து கிடக்கும். அயோனிய மொழியில் ‘வ’ போன்ற ஒரு ஒலி வழக்கொழிந்துபோய்விட்டது. ஆனால் பல அடிகளில் அந்த ஒலி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்தான் யாப்பு சரியாக வரும். பாடகரின் வாயில் ஒலி செத்துவிட்டது, தொடருக்குள் அது இன்னும் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். 1928இல் பாரி ‘மரபுக் கவிதை’ என்றுதான் சொன்னார். ‘வாய்மொழிக் கவிதை’ என்று சொல்லவில்லை. அவருடைய ஆசிரியர், மொழியியலாளர் அந்துவான் மெய்யே, இப்படிப்பட்ட மரபு இன்றும் உயிரோடிருக்கும் இடத்தைப் பார்க்கச் சொன்னார். யூகோஸ்லாவியாவில் களப்பணி செய்த மாத்தியா முர்கோ என்ற அறிஞரின் வேலையும் அவருக்கு அறிமுகமாயிற்று. ஹார்வர்டில் வேலைக்குச் சேர்ந்த பாரி 1930இலும் 1932இலும் எழுதிய கட்டுரைகளில்தான் வாய்மொழி என்ற வாதம் முழு உருக்கொள்கிறது. இலியடின் முதல் 25 அடிகளை எடுத்து, வேறு இடத்தில் திரும்ப வரும் தொடர்களுக்கெல்லாம் கீழே கோடிட்டுக் காட்டினார். கோடு விழாத இடம் கொஞ்சம்தான். ஆனால் செத்த பிரதியில் கோடு போட்டு எதையும் நிரூபித்துவிட முடியாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. 1933 கோடையில் யூகோஸ்லாவியா போனார். 1934இல் மறுபடி போய் 1935 வரை தங்கினார். கூட உதவிக்குப் போன மாணவர் ஆல்பர்ட் லார்ட்.

அங்கே குஸ்லே என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வில்லால் இழைத்துக்கொண்டு, பத்து அசை கொண்ட அடிகளில் வீரக்கதை பாடும் பாடகர்கள் இருந்தார்கள். விவசாயிகள், விறகு வெட்டுகிறவர்கள், கடைக்காரர்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முஸ்லிம் ஊர்களில் ரமலான் மாதத்து இரவுகளில் காப்பிக்கடையில் பாட்டு நடக்கும். முப்பது இரவுக்கு முப்பது பாட்டு தெரிந்திருக்க வேண்டும் என்பது பாடகருக்கான அளவுகோல். கேட்க வந்தவர்கள் எழுந்து போவார்கள், புதிதாக வருவார்கள், பேசுவார்கள். பாடகர் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து நீட்டுவார், சுருக்குவார். பாரி அமெரிக்காவில் தனியாகச் செய்யச் சொல்லி வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் இரண்டு சுழல்மேடைகள். ஒரு அலுமினியத் தட்டு சில நிமிடங்களில் நிரம்பிவிடும், உடனே மற்றது சுழலத் தொடங்கும். பாட்டு அறுபடாது. 3,500க்கும் மேற்பட்ட தட்டுகள் இப்படிச் சேர்ந்தன. அவருடைய உள்ளூர்த் துணைவர் நிகோலா வுய்னோவிச் தானே பாடகர், எழுதவும் தெரிந்தவர். பாடகர்களிடம் கேள்வி கேட்டதும், சொல்லச் சொல்ல எழுதியதும் பெரும்பாலும் அவர்தான். ஆராய்ச்சி வரலாற்றில் இப்படிப்பட்டவர்களின் பெயர் அடிக்குறிப்பில் நின்றுவிடுகிறது.

பியேலோ போல்யே (இன்றைய மாண்டினீக்ரோவில் இருக்கிறது) ஊரின் அவ்தோ மெஜெதோவிச்தான் தலைப்பில் வரும் கசாப்புக்கடைக்காரர். துருக்கிப் படையில் இருந்துவிட்டுத் திரும்பி அப்பாவின் தொழிலையே செய்தவர். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. 1935 ஜூலையில் அவர் நிகோலாவுக்கு நாட்கணக்கில் சொல்லி எழுதவைத்த ‘ஸ்மாயிலாகிச் மெஹோவின் திருமணம்’ 12,311 அடிகள். ஒடிஸியின் நீளம். எழுத்தில்லாமல் இவ்வளவு நீளம் முடியாது என்ற வோல்ஃபின் வாதம் அந்தக் கோடையில் காலியானது.

ஆனால் நீளத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பாரி செய்த ஒரு சோதனை. முமின் என்ற இன்னொரு பாடகரை அழைத்து, அவ்தோவுக்குத் தெரியாத ஒரு பாட்டைப் பாடச் சொன்னார். அவ்தோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். முமின் பாடியது 2,294 அடிகள். முடிந்ததும் பாரி அவ்தோவிடம் கேட்டார்: எப்படி இருந்தது? நல்லாத்தான் இருந்தது, ஆனா இன்னும் நல்லா பாடலாம் என்கிற மாதிரி பதில். சரி, அப்ப நீங்க பாடுங்க. ஒரே ஒரு முறை கேட்ட பாட்டை அவ்தோ பாடினார்: 6,313 அடிகள். கதை அதே கதை. நிகழ்ச்சிகளின் வரிசையும் அதேதான். ஆனால் குதிரைக்கு அலங்காரம் கூடிற்று, சபையில் உட்கார்ந்திருப்பவர்களின் மனநிலை கூடிற்று, இளைஞனின் அவமானம் கூடிற்று. இவ்வளவும் மனப்பாடத்தால் வருவதல்ல. பாடகரிடம் இருப்பது பாட்டு இல்லை, பாட்டைக் கட்டும் மொழி: வாய்பாடுகள், அவற்றுக்கு மேலே சபை கூடுவது, ஆயுதம் தரிப்பது, தூது போவது, பயணம் போவது என்று அமைந்த காட்சிக் கட்டுகள். நாம் பேச்சு மொழியைப் பேசுவதுபோல அவர் அந்த மொழியைப் பேசுகிறார்.

1935 டிசம்பர் 3 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு ஹோட்டல் அறையில் கைத்துப்பாக்கி வெடித்துப் பாரி இறந்தார். விபத்து என்று பதிவாயிற்று. வயது 33. யூகோஸ்லாவியப் பாட்டைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய நூல் சில பக்கங்களோடு நின்றது. லார்ட் 25 ஆண்டுகள் கழித்து 1960இல் ‘கதைப்பாடகன்’ என்ற தன் நூலுக்கு அதே தலைப்பைத்தான் வைத்தார்.

லார்டின் நூலில் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கும் பகுதி தெமாயில் ஸோகிச் பற்றியது. நோவி பஸாரில் காப்பிக்கடை வைத்திருந்தவர். மாகிச் என்ற முதியவரிடம் ஒரே முறை கேட்டு ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். அப்படியே, சொல்லுக்குச் சொல், வரிக்கு வரி பாடுவேன் என்கிறார். எதையாவது கூட்டினாயா, குறைத்தாயா? இல்லவே இல்லை. இருபது வருஷம் கழித்துப் பாடினாலும் அதேதானா? அதேதான். பதிவுகளை எடுத்து ஒப்பிட்டால் மாகிச்சின் பாட்டுக்கும் ஸோகிச்சின் பாட்டுக்கும் வரிகள் ஒத்துவரவில்லை. பொய் சொல்கிறாரா? நாம் ‘சொல்’ என்று கேட்கும்போது அகராதியில் இருக்கும் அலகை நினைக்கிறோம். பாடகர் ‘சொல்’ என்னும்போது ஒரு தொடரை, ஒரு வரியை, சிலநேரம் ஒரு முழுப் பேச்சையே குறிக்கிறார். ‘அதே பாட்டு’ என்பது அவருக்கு அதே சொற்கள் என்ற பொருளில் இல்லை. அச்சு நம்மிடம் உருவாக்கிய ‘மூலம்’, ‘பிரதிபேதம்’, ‘பாடபேதம்’ என்ற வகைமைகளே அங்கு செல்லுபடியாவதில்லை. மூலம் என்று ஒன்று இருந்தால்தானே பேதம் இருக்கும். ஒடிஸியில் ஃபெமியஸ் என்ற பாடகன் உயிர்ப்பிச்சை கேட்கும்போது, நானாகக் கற்றவன் என்றும் கடவுள் எனக்குள் பாட்டுகளை விதைத்தார் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறான். இரண்டும் முரண் என்று உரைகாரர்கள் திணறியிருக்கிறார்கள். ஸோகிச்சுக்கு அதில் முரண் எதுவும் தெரிந்திருக்காது.

தொன்மத்தைப் பற்றிய நம் பார்வையும் இதனால் மாறுகிறது. இலியடின் ஒன்பதாம் பாகத்தில் கோபித்துக்கொண்டு போரிலிருந்து விலகியிருக்கும் அக்கிலிஸிடம் கிழவர் பீனிக்ஸ், மெலியேகர் என்ற பழைய வீரனின் கதையைச் சொல்கிறார். அவனும் இப்படித்தான் கோபித்துக்கொண்டு உட்கார்ந்தான், பிறகு காலம் கடந்து போருக்கு எழுந்தான், பரிசும் கிடைக்கவில்லை. வேறு இடங்களில் இந்தக் கதைக்கு மையமாக இருப்பது ஒரு கொள்ளிக்கட்டை: அது எரிந்து தீர்ந்தால் மெலியேகர் சாவான், அதைத் தாயே நெருப்பில் போடுகிறாள். பீனிக்ஸ் சொல்லும் வடிவத்தில் கட்டையே இல்லை. தாயின் சாபம் மட்டும் இருக்கிறது. வற்புறுத்த வேண்டிய தருணத்துக்கு ஏற்பக் கதை வளைகிறது. ‘சரியான தொன்மம்’ எது என்ற கேள்வி, ‘மூலப்பாட்டு எது’ என்ற கேள்வியின் தம்பி.

இனி பாரியின் கோட்பாட்டில் எனக்கு ஒப்பாத இடத்துக்கு வருகிறேன். அடைமொழி யாப்புக்காக வருகிறது, அந்த இடத்தில் அதற்குத் தனி அர்த்தம் தேடாதே என்பது அவர் சொன்னதன் சாரம். எழுதுகிறவர்களுக்கு இது கசக்கும். மூன்றாம் பாகத்தில் ஹெலன் மதில்மேல் நின்று கிரேக்கப் படையில் தன் சகோதரர்களைத் தேடுகிறாள். அவர்கள் ஊரிலேயே இறந்து புதைந்துவிட்டது அவளுக்குத் தெரியாது. அவர்களைத் தாங்கிய மண்ணுக்குக் கவிஞன் தரும் அடைமொழி ‘உயிர் தரும்’ என்பது. ரஸ்கின் இதில் உருகிப்போனார். பாரியின் கணக்கில் அது வாய்பாடு. வாய்பாடுதான்; ஆனால் அந்தத் தொடர் ஹோமரில் வரும் இடமெல்லாம் செத்தவர்களை மண் மூடியிருக்கும் பேச்சுதான். கருவிப்பெட்டியிலிருந்து எடுத்தது என்பதாலேயே அது கைக்குச் சூடாக இருக்கக்கூடாது என்று சட்டமா? நாட்டுப்புற ஒப்பாரியில் வரும் தொடர்கள் எல்லாமே ஏற்கெனவே ஆயிரம் வீட்டில் பாடப்பட்டவை. அதற்காக அழுகிறவளின் அழுகை இரவலாகிவிடுமா? கேட்பவரின் காதைப் பாரி தன் கணக்கில் சேர்க்கவில்லை என்பது என் எண்ணம்.

இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியவர் அவருடைய மகனே. ஆடம் பாரி. ஆய்வேடுகள் வந்த அதே 1928இல் பிறந்தவர். அப்பா இறந்தபோது வயது ஏழு. 1956இல் ‘அக்கிலிஸின் மொழி’ என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். சில பக்கங்கள்தான். அப்பாவின் முடிவை அவர் மறுக்கவில்லை, அதன் கடைசி விளிம்புவரை நடந்துபோய்ப் பார்க்கிறார். எல்லோரும் ஒரே வாய்பாட்டு மொழியில் பேசுகிறார்கள் என்றால் எல்லோரும் ஒரே உலகத்தைத்தான் பார்க்கிறார்கள். எது வீரம், எது மானம், எது பரிசு என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை; மொழி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. இப்போது ஒருவனுக்கு அந்த உலகத்தின் மேல் நம்பிக்கை போய்விடுகிறது. அகமெம்னன் அவனை அவமதித்தான். இப்போது சமாதானத்துக்குக் குதிரை, பொன், பெண்கள், நகரங்கள் என்று பட்டியல் போட்டு அனுப்புகிறான். அக்கிலிஸுக்குத் தெரிகிறது: இந்தப் பரிசுகளால் அளக்கப்படும் மானம் வெற்று. போரில் முன்னால் நிற்பவனுக்கும் பின்னால் பதுங்குபவனுக்கும் கிடைப்பது கடைசியில் ஒன்றுதான். ஆனால் இதைச் சொல்ல அவனுக்கு வேறு மொழி கிடையாது. மொழியை விட்டு வெளியேற முடியாததால் அதைத் தப்பாகப் பயன்படுத்துகிறான். பதில் இல்லாத கேள்விகள் கேட்கிறான், நிறைவேற்றவே முடியாத நிபந்தனைகள் போடுகிறான். அவனுடைய சோகம் இந்த இடத்தில் என்கிறார் ஆடம் பாரி.

இதற்கு வலுவான மறுப்புகள் வந்தன. ரிச்சர்ட் மார்ட்டின் 1989இல் எழுதிய நூல் அக்கிலிஸின் பேச்சைத் தனியாக எடுத்து, அதே வாய்பாடுகளை மற்ற எவரையும்விட அவன் அதிகமாக நீட்டுகிறான், இணைக்கிறான், ஆகவே அவனுக்கென்று ஒரு நடை உண்டு என்று காட்டியது. ஜாஸ்பர் கிரிஃபின் 1986இல், அறம்சார்ந்த மதிப்பீட்டுச் சொற்கள் பெரும்பாலும் பாத்திரங்களின் வாயில்தான் வருகின்றன, கவிஞனின் விவரிப்பில் அவ்வளவாக இல்லை என்று எடுத்துக்காட்டினார். ஆகவே வாய்பாட்டு மொழி ஆடம் நினைத்த அளவு சிறைச்சாலை அல்ல. ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் இயக்கத்துக்குள் இருந்துகொண்டே அதன் மேல் நம்பிக்கை இழந்து, இயக்கத்தின் முழக்கங்களைத் தவிர வேறு சொல் கையில் இல்லாமல் கூட்டத்தில் எழுந்து நின்று திக்கிய யாருக்கும் ஆடம் பாரியின் கட்டுரை எதைப் பேசுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. தந்தையின் எழுத்துகளைத் தொகுத்து நீண்ட முன்னுரையோடு அவர் வெளியிட்டது 1971இல். அதே ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் மனைவி ஆன் அமரி பாரியோடு இறந்துபோனார். ஏகிஸ்தஸுக்குப் போடப்பட்ட அந்தக் ‘குற்றமற்ற’ என்ற அடைமொழிக்கு அந்தப் பொருளே இல்லை, அது உடலழகையும் வலிமையையும் குறிப்பது என்று வாதிடும் ஆனின் நூல் அவருக்குப் பின் 1973இல் வந்தது.

பாடியது எப்போது எழுத்தாயிற்று என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. அவ்தோ நிகோலாவுக்குச் சொன்னதுபோல ஹோமரும் யாருக்கோ சொல்லி எழுதவைத்தார் என்பது லார்டின் கட்சி. பல நூற்றாண்டு நிகழ்த்தலில், குறிப்பாக ஏதென்ஸ் திருவிழாவில் பாடிப் பாடியே பிரதி இறுகியது என்பது கிரெகரி நாகியின் கட்சி. எம். எல். வெஸ்ட் 2011இல் வந்த நூலில், இலியட் ஒரே கவிஞர் எழுதி எழுதித் திருத்திச் சேர்த்தது என்று பழைய வாதத்தைப் புது வடிவில் கொண்டுவந்தார். எனக்கு நாகியின் பக்கம் சாய்வு. ஆனால் அது சாய்வுதான்.

இரண்டு விஷயங்களை நம் முற்போக்கு வட்டாரத்தில் அதிகம் பேசுவதில்லை. ஒன்று, பாரியின் சேகரிப்பில் எண்ணிக்கையில் பெரும்பகுதி வீரப்பாட்டே அல்ல. ‘பெண்கள் பாட்டு’ என்று அங்கே அழைக்கப்படும் சிறு பாடல்கள். பதிவானவற்றில் 75 பாட்டுகளின் இசையை பேலா பார்டோக் என்ற பெரிய இசைமேதை உட்கார்ந்து குறித்து, அது 1951இல் நூலாக வந்தது. ஆனால் ‘வாய்மொழிக் கோட்பாடு’ என்று உலகம் முழுக்கப் பரவியது குஸ்லே பிடித்த ஆண்களின் பாட்டை வைத்து எழுப்பியதுதான். குடத்தடியிலும் கல்யாண வீட்டிலும் பாடியவர்கள் ஹோமரை விளக்க உதவவில்லை, அதனால் கோட்பாட்டில் இடமில்லை. இன்னொன்று, வாய்மொழி என்றாலே மக்கள் பக்கம் என்று நாம் முடிவுகட்டுவது. 1989 ஜூனில் மிலோசெவிச் கொசோவோ போரின் 600ஆம் ஆண்டுக் கூட்டத்தில் பேசியபோது அவருக்குக் கைகொடுத்தது அந்தப் போரைச் சுற்றிப் பாடகர்கள் வளர்த்த கதைதான். 1992இல் பாவெல் பாவ்லிகோவ்ஸ்கி எடுத்த ஆவணப்படத்தில், சராயேவோவை முற்றுகையிட்டுச் சுட்டுக்கொண்டிருந்த தரப்பின் தலைவர் ராதோவான் கராஜிச் குஸ்லே வாசிப்பதைப் பார்க்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் சராயேவோவின் தேசிய நூலகம் குண்டு விழுந்து எரிந்தது. அதே வாத்தியம், அதே பத்து அசை. வாய்பாடு வீரனுக்கு அடைமொழி தருகிற மாதிரி எதிரிக்கும் தரும்.

கைலாசபதிக்கு இந்தக் கருவி வந்துசேர்ந்த வழி தாம்சன் என்பதைச் சொன்னேன். தாம்சன் மார்க்சியர், கிரேக்கப் பேராசிரியர். இளமையில் அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவுக்குப் போய் அந்த மீனவர்களின் ஐரிஷ் மொழியைக் கற்றவர். அவர்களின் பேச்சைக் கேட்ட பிறகுதான் ஹோமர் தனக்கு வேறு மாதிரி கேட்டது என்று எழுதியவர். 1953இல் அந்தத் தீவே காலி செய்யப்பட்டது. ஆக, வாழும் பேச்சிலிருந்து பழைய பிரதிக்குப் போகும் பாதை தாம்சனுக்குத் தெரியும். அவர் மாணவருக்கு அது கிடைத்தது. ஆனால் பாரி கையில் இருந்த ஒன்று கைலாசபதி கையில் இல்லை. ஸோகிச்சின் பாட்டை மாகிச்சின் பாட்டோடு ஒப்பிடலாம், 17 ஆண்டு கழித்து லார்ட் போய் அதே ஸோகிச்சைப் பாடவைத்தார், அதோடும் ஒப்பிடலாம். புறநானூற்றுப் பாட்டு ஒவ்வொன்றும் நமக்கு ஒரே ஒரு முறைதான் பாடப்பட்டிருக்கிறது. மிஞ்சுவது தொடர்கள் எவ்வளவு திரும்ப வருகின்றன என்ற எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை மட்டும் வாய்மொழிக்குச் சான்றாகாது என்று 1966இலேயே லாரி பென்சன் பழைய ஆங்கிலக் கவிதையை வைத்துக் காட்டியிருந்தார்: லத்தீன் நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்த கவிதையிலும் அதே அளவு வாய்பாடு இருந்தது. கைலாசபதி நூல் அச்சேறியது இரண்டு ஆண்டு கழித்து. 1975இல் ஜார்ஜ் ஹார்ட், பாணர்கள் பாடியது வாய்மொழி, புலவர்கள் அதைப் பார்த்து எழுதியது வேறு என்று பிரித்தார். எங்கள் வகுப்பில் ‘அது தப்பு’ என்று சொன்ன ஆசிரியர் ஹார்ட்டையும் படித்திருக்கவில்லை, பென்சனையும் படித்திருக்கவில்லை. ‘அது சரி’ என்று சொன்னவர் ஸோகிச்சைக் கேள்விப்பட்டதே இல்லை.